கேள்வி – பதில்: சுடுகாட்டில் கச்சேரி

(பதில் சொல்பவர் தோவாளைக்காரர். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் கொடை விழாக்களில் வில்லடிக்கும், அதாவது வில்லுப்பாட்டுப் பாடும் புலவர்.)

தக்கலை வாசகர்: இரண்டாம் உலகப் போரில் லித்துவேனியாவின் வில்னா நகரில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த பகுதியான வில்னா கெட்டோவைப் பற்றி இஸ்ரேலிய எழுத்தாளர் யெஹோஷுவா சோபோல் எழுதிய ‘கெட்டோ’ நாடகத்தை எங்கள் வாசகர் வட்டத்தில் படித்தோம். அன்றாடம் சாவு விழுகிற இடத்தில் ஆட்டமும் பாட்டும் நடத்தியதை எங்களில் பாதிப் பேரால் ஏற்க முடியவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் பாதிப் பேருக்கு முன்பே அந்த ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டார்கள். 1941 ஜூனில் வில்னாவை ஜெர்மானியர் பிடித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 30,000-க்கும் மேற்பட்ட யூதர்களைச் சுட்டுக் கொன்றாயிற்று, பெரும்பாலும் ஊருக்கு வெளியே பொனாரிக் காட்டுக் குழிகளில். மிஞ்சிய சுமார் 20,000 பேரைச் சில சந்துகளுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். 1942 ஜனவரி 18 அன்று அங்கே முதல் கச்சேரி என்று தெரிந்ததும், கல்லறைத் தோட்டத்தில் நாடகம் போடுவதில்லை என்று துண்டுப் பிரசுரம் கிளம்பியது. எதிர்த்தவர்களில் முக்கியமானவர் கெட்டோவின் நூலகர் ஹெர்மான் க்ரூக்.

நம் பக்கத்து ஆளுக்கு இந்த வாசகம் சட்டென்று உறைக்காது. சுடலைமாடனுக்குச் சுடுகாட்டுப் பக்கமே பீடம் போட்டு, விடிய விடிய வில்லடிக்கிற ஊர் இது. அநியாயமாகச் செத்தவர்களைத்தான் நாம் தெய்வமாக்கிப் பாடுகிறோம். ஆனால் அதை வைத்து க்ரூக்கை மடக்கிவிட முடியாது. நாம் பாடும்போது கொலை நடந்து தலைமுறைகள் கடந்திருக்கும். கொன்றவன் துப்பாக்கியோடு வாசலில் நிற்பதில்லை. அங்கே நின்றான்.

அவரை மடக்க வேண்டுமானால் வேறு வழி இருக்கிறது. அதே சந்துக்குள் அவர் நூலகம் நடத்தினார். 1942 டிசம்பரில் 1,00,000-ஆவது புத்தகம் இரவல் போனதற்கு விழாவே எடுத்தார்கள். கதைப் புத்தகம் கொடுக்கலாம், கதைப்பாட்டு மட்டும் ஆகாதா? மனிதர் இதைத் தாமே யோசித்திருக்க வேண்டும். முதல் கச்சேரி நடந்த ஓரிரு மாதங்களிலேயே, புறக்கணிக்கப்பட்ட கச்சேரிகளுக்கு இப்போது அரங்கம் நிறைகிறது, வாழ்க்கை எல்லாவற்றையும்விட வலியதாக இருக்கிறது என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதினார். முரண்டு பிடிக்காத ஆள் என்பதால் எனக்கு அவரைப் பிடிக்கும். 1944 செப்டம்பரில் எஸ்தோனியாவில் ஒரு முகாமில் அவர் தம் குறிப்புகளைப் புதைத்துவைத்தார். மறுநாள் அவரைக் கொன்றார்கள். அதற்கு அடுத்த நாள் சோவியத் செஞ்சேனை வந்தது.

இன்னொன்றையும் உங்கள் வட்டத்தில் பேசுங்கள். 1941 அக்டோபரில் அங்கே 3,000 மஞ்சள் வேலைச் சீட்டுகள்தான் கொடுக்கப்பட்டன. சீட்டு இல்லாதவர்களைத்தான் தேடித் தேடிப் பொனாரிக்குக் கொண்டுபோனார்கள். வேலை இருந்தால் உயிர் இருக்கும் என்பதே கெட்டோ தலைவர் யாக்கோப் கென்ஸின் கணக்கு. நடிகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் நாடகக் கொட்டகை ஒரு வேலை. அந்தக் கணக்கும் கடைசியில் பொய்த்தது. 1943 செப்டம்பர் 14 அன்று கென்ஸையே சுட்டுவிட்டார்கள்.

மார்த்தாண்டம் மாணவி: இசை உயிரைக் காக்கும் என்பதற்கு வார்சா பியானோக் கலைஞர் ஷ்பில்மானின் கதையே சான்று அல்லவா? அவர் வாசித்ததைக் கேட்டுத்தானே ஜெர்மன் அதிகாரி அவரை விட்டுவிட்டார்?

பதில்: அவசரப்படாதீர்கள் மக்களே. 1944 நவம்பரில், ஆளில்லாத வீடொன்றில், கேப்டன் வில்ம் ஹோசன்ஃபெல்ட் முன்னால் அவர் ஷோபான் இயற்றிய இசையை வாசித்தது உண்மை. அதற்குப் பிறகு அவரைக் குளிரிலும் பட்டினியிலும் சாகாமல் வைத்தது, அந்த அதிகாரி கொண்டுவந்து கொடுத்த ரொட்டியும் ஒரு ராணுவ மேலங்கியும். 1942 ஆகஸ்டில் ரயிலேற்ற ஓட்டிச் சென்ற கூட்டத்திலிருந்து ஷ்பில்மானை வெளியே இழுத்துவிட்டது ஒரு போலீஸ்காரரின் கை. அவருடைய தாய், தந்தை, உடன்பிறந்தவர்கள் ட்ரெப்லிங்கா கொலை முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

வில்னாவுக்கு வாருங்கள். லியூபா லெவிட்ஸ்கா அந்த ஊரே கொண்டாடிய பாடகி. வெளியிலிருந்து கெட்டோவுக்குத் திரும்புகையில், வாசல் சோதனையில் அவரிடம் கொஞ்சம் பட்டாணி அகப்பட்டது. 1943-இல் பொனாரியில் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் குரல் அவரைக் காப்பாற்றவில்லை. சோபோலின் நாடகத்திலும் பாடகி ஒருத்தி பயறோடு பிடிபடுகிறாள். பாடிக் கடனைத் தீர் என்கிறான் கிட்டல் என்ற அதிகாரி. சாக்ஸபோன் வாசிக்கிற ரசிகன் அவன். ப்ரூனோ கிட்டல் கற்பனைப் பாத்திரம் அல்ல. 1943 செப்டம்பரில் கெட்டோவை ஒழித்துக்கட்டியவன் அவன்தான். போருக்குப் பிறகு அகப்படவே இல்லை. சங்கீதம் தெரிந்தவர்கள் மனம் இளகியவர்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இவன் பெயரைச் சொல்லுங்கள்.

குழித்துறை வாசகர்: பாடிக்கொண்டிருந்த நேரத்தில் எதிர்த்துப் போராடியிருக்கலாமே?

பதில்: போராடினார்கள். முதல் கச்சேரி ஜனவரி 18. கெட்டோவுக்குள் ரகசிய ஆயுதக் குழு தொடங்கியது அதே ஜனவரி 21. வார்சா கெட்டோ எழுச்சியைக் கேள்விப்பட்டு 1943-இல் ஹிர்ஷ் க்ளிக் என்ற வில்னா இளைஞர் எழுதிய பாட்டுத்தான் அந்தப் போராளிகளின் அணிவகுப்புப் பாட்டு. பாடுகிறவன் வேறு, போராடுகிறவன் வேறு என்று யார் உங்களுக்குச் சொன்னது?

குளச்சல் வாசகர்: இந்தக் கதையை வில்லுப்பாட்டாகக் கட்டலாமா?

பதில்: தாராளமாக. மெட்டுக்குக்கூட அங்கேயே இடம் இருக்கிறது. கெட்டோவில் நடந்த இசைப் போட்டிக்கு அலெக்சாண்டர் வோல்கோவிஸ்கி என்ற 11 வயதுப் பையன் ஒரு மெட்டு அமைத்தான். அதற்கு ஷ்மெர்கே காச்செர்கின்ஸ்கி அந்த யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் சொல் எழுதினார். கேட்டால் தாலாட்டு, உள்ளே இருப்பது பொனாரி. பையன் பிழைத்து, அலெக்சாண்டர் தமீர் என்ற பெயரில் இஸ்ரேலில் பியானோக் கலைஞரானார். காச்செர்கின்ஸ்கி கெட்டோப் பாட்டுகளைத் தேடிச் சேர்த்து 1948-இல் நியூயார்க்கில் தொகுப்பாக வெளியிட்டார்.

அந்தத் தாலாட்டு வரும் இடத்தில் குடக்காரர் குடம் தட்டும் பத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். வில்லில் அடிக்கும் வீசுகோலும் வில்லில் கட்டிய மணியும் பேசக் கூடாது. உடுக்கை மட்டும், அதுவும் விரல் தோலில் பட்டதா இல்லையா என்கிற அளவுக்கு. இடம்பாடுகிறவர், அதாவது பின்பாட்டுக்காரர், பழக்கதோஷத்தில் ‘ஆமா’ போட்டுவிடுவார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சாமியை வரவழைக்கிற வருத்துப் பாட்டு மட்டும் வேண்டாம். அந்த ஜனங்களை நம் பீடத்துக்கு இறக்கிச் சாமியாட வைக்க நமக்கு உரிமை இல்லை.

அதே வாசகர்: டிக்கெட் வைக்கலாமா?

பதில்: வையுங்கள். வில்னாவிலும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போனார்கள். குழுவுக்குச் சம்பளத்தை மட்டும் முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். விடியற்காலையில் கமிட்டிக்காரர்களைத் தேடி அலைந்த அனுபவம் எங்களுக்குப் போதும்.