கருப்பெல்லாம் வெள்ளமா? ரேடார் படம் பற்றிக் கேள்வி பதில்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் முங்கின. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. அந்த வெள்ளம் எங்கெல்லாம் நின்றது என்று செயற்கைக்கோள் ரேடார் படங்களை வைத்து வரைபடம் வரைந்து பழகுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

கேள்வி: சாதாரண செயற்கைக்கோள் படம் போதாதா அக்கா?

வெள்ளம் வருகிற நாளில் மேலே மேகம்தானே நிற்கும்? கேமரா படத்தில் அதுதான் விழும். ஐரோப்பாவின் ரேடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 அனுப்பும் 5.6 செ.மீ. நீள ரேடார் அலை மேகத்தைத் தாண்டி இறங்கும், இரவிலும் வேலை செய்யும். சலனமில்லாத தண்ணீரில் சாய்வாகப் பட்ட அலை அப்பால் தெறித்துவிடும். செயற்கைக்கோளுக்குத் திரும்புவது சொற்பம். அதனால்தான் தண்ணீர் கருப்பாகத் தெரிகிறது. காற்றில் அலையடித்தால் அந்தக் கருப்பும் வெளுக்கும்.

கேள்வி: வெள்ள நாள் படத்தை மே மாதப் படத்தோடு ஒப்பிட்டு, புதிதாகக் கருத்த இடத்தை வெள்ளம் என்று எடுத்தேன். மாவட்டத்தில் பாதி வெள்ளம் என்று வருகிறது. எங்கே தப்பு?

மே மாதத்தை எடுத்ததுதான். கோடையில் வறண்டு கிடந்த தாமிரபரணிப் பாசனக் குளங்கள் டிசம்பரில் நிறைந்திருக்கும். பிசான நெல் நட்ட வயலிலும் தண்ணீர் கட்டியிருக்கும். இதெல்லாம் வெள்ளக் கணக்கில் சேர்ந்துவிட்டது. நவம்பர் கடைசி அல்லது டிசம்பர் முதல் வாரப் படத்தை எடுங்கள். இரண்டு படமும் ஒரே பாதையில், ஒரே திசையில் எடுத்ததாக இருக்கட்டும். இடைப்பட்ட நாளில் நடவு நடந்த வயல்கள் அப்போதும் ஏமாற்றும். அவற்றைத் தெரிந்துகொள்ள ஊர் விவசாயியைக் கேட்பதே நல்லது.

கேள்வி: குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேட்டையும் தண்ணீர் என்று காட்டுகிறதே!

ஒரே படத்தை வைத்து வரைந்திருப்பீர்கள். காய்ந்த வெறும் மணலும் அலையை அதிகம் திருப்பி அனுப்பாது. வாகைக்குளம் விமான ஓடுபாதையும் கருப்புதான். உப்பளங்களில் இருப்பது நிஜமான தண்ணீர், ஆனால் வெள்ளத்துக்கு முன்பும் இருந்தது. முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் இவற்றில் பெரும்பாலானவை விலகிவிடும்.

கேள்வி: திரும்பி வரும் அலை எவ்வளவுக்குக் கீழே இருந்தால் தண்ணீர் என்று எடுப்பது? அந்தக் கட்-ஆஃப் எத்தனை டெசிபல்?

எல்லாப் படத்துக்கும் பொருந்தும் எண் கிடையாது. விவி அலையில் (செங்குத்தாக அதிரும் அலையை அனுப்பி, செங்குத்தாகவே பெறுவது) -15 முதல் -18 வரை வைத்துத் தொடங்கி, கடம்பாகுளத்தின் நடுப்பகுதி மாதிரி தெரிந்த தண்ணீரில் சரிபாருங்கள். கூகுளின் எர்த் எஞ்சின் தளத்தில் உள்ள சென்டினல்-1 படங்கள் ஏற்கெனவே சீராக்கப்பட்டவை. உப்பு மிளகு தூவியது போல் படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை மட்டும் நீங்கள் வடிகட்ட வேண்டும்.

கேள்வி: எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வரைபடத்தில் ஒன்றுமே இல்லையே?

இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். தெருத் தண்ணீரில் பட்ட அலை பக்கத்துச் சுவரில் மோதி, வந்த வழியே திரும்பிவிடும். அந்த இடம் கருக்காமல் இன்னும் பளிச்சென்று ஆகும். குறுகிய தெரு 10 மீட்டர் கட்டத்துக்குள் தனியாகத் தெரியவும் தெரியாது. வாழைத்தோட்டத்திலும் இதே சிக்கல்: அலை இலையிலேயே நின்றுவிடும், அடியில் நிற்கும் தண்ணீரை எட்டாது. 2025 ஜூலையில் ஏவப்பட்ட நாசா-இஸ்ரோ ரேடார் செயற்கைக்கோளான நிசாரின் 24 செ.மீ. அலை இன்னும் ஆழமாக இறங்கும்.

அதோடு, ஜோடியில் ஒன்றான சென்டினல்-1பி 2021 டிசம்பரிலேயே பழுதாகிவிட்டதால், அந்த வெள்ளத்தின்போது ஒரே பாதையில் அடுத்த படம் கிடைக்க 12 நாள் ஆனது. இரண்டு படத்துக்கும் நடுவில் வந்து வடிந்த தண்ணீர் அந்தப் பாதையின் படங்களில் இருக்காது.

ஆகவே ஊர்ப்பகுதியையும் வாழையையும் ‘பாதிப்பில்லை’ என்று வெள்ளையாக விடாதீர்கள். நிவாரணப் பட்டியலுக்கு யாராவது அந்த வரைபடத்தைக் காட்டினால், தண்ணீரில் நின்றவர்களின் பெயர் விட்டுப்போகும். ‘ரேடாரில் தெரியாத பகுதி’ என்று கோடு போட்டுக் காட்டுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற தடத்தை இடக்குறிப்போடு போனில் படமெடுத்து, அந்தப் புள்ளிகளை வரைபடத்தின் மேல் சேருங்கள்.