முதலில் வடிகட்டி, பிறகு போத்தல் தடை

கேள்வி: அன்பின் அக்கா, மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருக்கிறேன். இந்த வருடம் 'பசுமை அலுவலகம்' பொறுப்பையும் நலன்புரிச் சங்கச் செயலாளர் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பிளாஸ்டிக் போத்தலும் லஞ்ச் ஷீட்டும் கொண்டுவரக் கூடாது, ஏசியை 26 பாகைக்குக் கீழே வைக்கக் கூடாது, மாதத்தில் ஒரு சனிக்கிழமை சிரமதானம் என்று அறிவித்தல் போட்டேன். இப்போது என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறார்கள். "எங்களப் பாக்க ஆளில்ல, மரத்தப் பாக்க வந்திட்டா" என்று ஒரு அண்ணன் என் காதுபடவே சொன்னார். நான் செய்தது பிழையா?
பி.கு.: மாடியில் உள்ள தண்ணீர் வடிகட்டி ஏழு மாதமாக வேலை செய்யவில்லை. பெண்கள் கழிவறையில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இதையும் நான்தான் பார்க்க வேண்டுமாம்.
— வாசகி, மட்டக்களப்பு

பதில்: அன்புள்ள தங்கச்சி, நீங்கள் செய்ய நினைத்தது பிழையில்லை. தொடங்கிய இடம்தான் பிழை. பின்குறிப்பில் எழுதியதைத்தான் நீங்கள் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

நான் 27 வருடம் அரச அலுவலகங்களில் கிளாக்காக இருந்தவள். காலையில் வீட்டில் ஒரு கோப்பை தேத்தண்ணி, பிறகு பின்னேரம் வீடு போகும்வரை இரண்டு மிடறு தண்ணீர். இப்படித்தான் நாங்கள் பல பெண்கள் வேலை செய்தோம். தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் அந்தக் கழிவறைக்குப் போக வேண்டுமே என்ற பயம். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் உடம்பில் உள்ள தண்ணீரெல்லாம் வியர்வையாய்ப் போகும். சிறுநீர் எரிவு, காய்ச்சல், மருந்து, லீவு என்று மாறி மாறி ஒருத்தி படுப்பாள். அதற்காக யாரும் ஒரு கூட்டம் போட்டதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் வடிகட்டியும் இல்லாமல் போத்தலையும் தடுத்தால், "தண்ணி குடிக்காதீங்க" என்று சொன்னதாகத்தான் ஆட்களுக்குக் கேட்கும்.

ஆகவே திங்கட்கிழமை முதல் வேலையாக நிர்வாக உத்தியோகத்தருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வடிகட்டி, தாழ்ப்பாள், கழிவறையில் மூடியுள்ள வாளி, கை கழுவச் சவர்க்காரம். நாலே நாலு விடயம். தாழ்ப்பாள் வாங்க நலன்புரிச் சங்கக் காசே போதும், அதற்குக் கோப்பு ஓட விடாதீர்கள். வடிகட்டி ஓடத் தொடங்கிய மறுநாள் போத்தலைப் பற்றிப் பேசுங்கள். அநேகமாகப் பேசவே தேவை வராது.

லஞ்ச் ஷீட் விடயத்தில் நீங்கள் உறுதியாக நிற்கலாம், அந்தச் சட்டம் உங்களுடையதல்ல. பொலித்தீன் லஞ்ச் ஷீட்டும் ரிஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் 2017 செப்டெம்பர் 1 முதல் நாட்டில் தடை. ஒரு தரம் பாவித்து எறிகிற பிளாஸ்டிக் கோப்பை, கரண்டி, ஸ்ட்ரோ, இடியப்பத் தட்டெல்லாம் 2023 ஒக்டோபர் 1 முதல் தடை. இதைச் சட்டமாக மட்டும் சொல்லாதீர்கள். அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று யானைகள் செத்துக் கிடந்த படங்களை 2022இல் உலகமே பார்த்தது. சோறும் கறியும் ஒட்டிய பொலித்தீனை யானை பிரித்துத் தின்னாது, அப்படியே விழுங்கும். நம் பகல் சாப்பாட்டுப் பார்சல்தான் அங்கே போய்ச் சேருகிறது.

ஆனால் இங்கே ஒரு கேள்வி உண்டு. லஞ்ச் ஷீட்டுக்குப் பதிலாகத் தட்டு வந்தால் அதை யார் கழுவுவது? நான் இருந்த ஓர் அலுவலகத்தில் இதே தடை வந்து, ஒரே மாதத்தில் நாற்பது தட்டும் அலுவலக உதவியாளராக இருந்த அக்காவின் கையில் விழுந்தன. குனிந்து, வெளிக் குழாயடியில். பூமியைக் காக்கிற வேலை அவவின் இடுப்பில் ஏறியது, அவ்வளவுதான். நின்று கழுவுகிற உயரத்தில் ஒரு சிங்க் வையுங்கள். அவரவர் தட்டை அவரவர் கழுவட்டும், பிரதேச செயலாளர் ஐயாவும் சேர்த்து. அவர் ஒரு நாள் தட்டோடு வரிசையில் நின்றால் உங்கள் பத்து அறிவித்தலுக்குச் சமம்.

அடுத்தது சாரதிமார். உங்கள் அலுவலகத்தில் அவர்களுக்கென்று ஓர் அறை இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. கள வேலைக்கு எப்போது கூப்பிடுவார்களோ என்று வாகனத்துக்குள்ளேயே இருப்பார்கள். நடுப்பகல் வெக்கையில் என்ஜினைப் போட்டு ஏசியில் கண்ணயர்வார்கள். அதைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன், வேறெங்கே போவார்கள்? ஒரு சின்ன அறை, ஒரு மின்விசிறி, இரண்டு சாய்மனைக் கதிரை. மிச்சமாகும் டீசலைப் பயணப் பதிவேட்டிலேயே பார்க்கலாம். இன்னொன்று, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு ஒரே நாளில் இரண்டு பிரிவும் தனித்தனி வாகனத்தில் போகிற கதை எல்லா அலுவலகத்திலும் உண்டு. வாசலில் ஒரு வெள்ளைப் பலகை வைத்து, நாளைக்கு யார் எந்தக் கிராமத்துக்குப் போகிறார் என்று எழுதச் சொல்லுங்கள். வெல்லாவெளிக்குப் போகிற ஆளோடு மண்டூருக்குப் போகிற ஆளும் ஏறிக்கொள்ளலாம்.

ஏசி 26 பாகை என்றது சரியான அளவுதான். ஏசி இல்லாத பிரிவுகளைத்தான் நீங்கள் மறந்துவிட்டீர்கள். அங்கே யன்னல் திறக்கிறதா? நான் பார்த்த அலுவலகங்களில் யன்னலை மறைத்துக்கொண்டு கோப்பு அலுமாரி நிற்கும், அதற்கு மேலே கட்டுக்கட்டாகப் பழைய கோப்பு, உடைந்த பிரிண்டர், கால் போன கதிரை. வாவிக் காற்று வெளியில் சும்மா வீசும், உள்ளே பகலிலும் லைட் எரியும். 'ஐந்து எஸ்' என்ற அலுவலக ஒழுங்குமுறைக்காக மேசையில் ஸ்டேப்ளரைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டுவதைவிட அந்த ஒரு யன்னலைத் திறப்பது பெரிய வேலை. உடைந்த தளபாடங்களை, அரச பொருட்களைக் கணக்கெடுத்துக் கழிக்கிற போர்ட் ஒஃப் சேர்வேயில் கழியுங்கள். கோப்புகளை மட்டும் நினைத்தபடி எரிக்கவோ விற்கவோ வேண்டாம், அதற்கு தேசிய சுவடிகள் திணைக்களத்தின் ஒழுங்கு இருக்கிறது.

நிறக் குப்பைத்தொட்டி வாங்க அவசரப்பட வேண்டாம். பச்சை, நீலம், செம்மஞ்சள் என்று பிரித்துப் போட்டதெல்லாம் பின்னேரம் ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் கொட்டுப்பட்டால் ஆட்களுக்கு மனம் விட்டுப்போகும். எந்த நாளில் எதை எடுப்பார்கள் என்று குப்பை எடுக்கிற சபையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சனிக்கிழமைச் சிரமதானத்தை நிறுத்துங்கள், தயவுசெய்து. கல்முனையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் இருப்பார்கள். பிள்ளையை வகுப்புக்குக் கூட்டிப் போக, உடுப்புத் தோய்க்க, அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்ட அவர்களுக்கு இருப்பதே அந்த ஒரு நாள். மாதக் கடைசி வெள்ளியில், வேலை நேரத்துக்குள், ஒரு மணித்தியாலம் போதும். 2022இல் எரிபொருள் இல்லாமல் தவித்தபோது, வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரசாங்கம் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்ததே. வற்புறுத்தாமல் நேரத்தைத் தந்தால் நம் சனம் மண்ணில் இறங்கும். அந்த நாட்களில் என் மரவள்ளிக் கிழங்கை நானே கிண்டி எடுத்த சந்தோசம் இன்னும் கையில் இருக்கிறது.

இனி மரம். யூன் 5, சுற்றாடல் தினத்தன்று நீங்களும் நட்டிருப்பீர்கள், இல்லையா? ஒரு வளவில் நான் வருடாவருடம் பார்த்தேன்: அதே மூலை, அதே குழி, புதுக் கன்று, புதுப் படம். ஆவணிக்குள் குச்சிதான் மிச்சம். கொழும்புக்கு யூன் மழைக்காலம், நமக்கு அது கச்சான் காலம். இங்கே மாரி ஐப்பசியில்தான் தொடங்கும். படத்துக்கு யூனில் ஒரு தொட்டிச் செடி வையுங்கள், மேலதிகாரிகளும் குறை சொல்ல மாட்டார்கள். ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்த பிறகு, வெயில் காய்கிற மேற்குச் சுவரிலிருந்து இருபது அடி தள்ளி வேம்பு நடுங்கள். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியைக் கண்டவள் சொல்கிறேன், கூரைக்குக் கிட்ட வேண்டாம். அந்தக் குழியை வெட்ட முதலில் உங்களைக் குறை சொன்ன அண்ணனைக் கூப்பிடுங்கள். அதற்குள் வடிகட்டியில் தண்ணீர் வந்திருந்தால் அவர் வருவார்.