1981 சின்சினாட்டி ரெட்ஸ்: அட்டவணையில் பிழையில்லை

அமெரிக்க பேஸ்பாலின் 1981 பருவ அட்டவணையில் சின்சினாட்டி ரெட்ஸ் அணியின் வரிசை பிழையோ என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தரவு சரிதான். 66 வெற்றி, 42 தோல்வியுடன் அந்த ஆண்டு மேஜர் லீக்கிலேயே முதலிடத்தில் நின்ற ரெட்ஸ், பட்டத்துக்கான பிளே ஆஃப் சுற்றுக்குப் போகவேயில்லை. வரிசையைத் திருத்திவிடாதீர்கள்.

காரணம் வேலைநிறுத்தம். ஒப்பந்தம் முடிந்து வேறு அணிக்குப் போகும் வீரருக்கு ஈடாகப் பழைய அணிக்கு என்ன தருவது என்பதில் உரிமையாளர்களும் வீரர் சங்கமும் முட்டிக்கொண்டார்கள். ஜூன் 12இல் ஆட்டம் நின்றது. ஆகஸ்ட் 10இல்தான் லீக் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கின. அதன்பின் உரிமையாளர்கள் பருவத்தை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியிலும் தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்த அணிகளுக்கே பிளே ஆஃப் வாய்ப்பு என்றார்கள்.

சரிபார்க்க, தேதி வாரியாகத் தரவைப் பிரித்து, ரெட்ஸின் பிரிவைப் பாருங்கள் (வெற்றி-தோல்வி):

1. ஜூன் 11 வரை: டாட்ஜர்ஸ் 36-21, ரெட்ஸ் 35-21. ஒரே ஒரு வெற்றி குறைவு!
2. ஆகஸ்ட் 10 முதல்: ஹியூஸ்டன் 33-20, ரெட்ஸ் 31-21.

இரு முறையும் இரண்டாமிடம். ரெட்ஸ் அணி ஆற்றாமையில் 'பேஸ்பாலின் சிறந்த வெற்றி-தோல்விக் கணக்கு 1981' என்று தானே ஒரு கொடி ஏற்றிக்கொண்டது. இன்னொரு வேடிக்கை: மொத்தத்தில் 50-53 என்றிருந்த கன்சாஸ் சிட்டி அணி, இரண்டாம் பாதியின் தயவில் உள்ளே நுழைந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. ரத்தான ஆட்டங்கள் திரும்ப ஆடப்படாததால் அணிகளின் ஆட்ட எண்ணிக்கை ஒன்றாக இராது. வெற்றி விகிதத்தை வைத்தே ஒப்பிடுங்கள். இதே பிரிப்பை 1994க்குப் போடாதீர்கள். அந்தப் பருவம் ஆகஸ்ட் 11உடன் அப்படியே நின்றுபோனது, பட்டத்தை முடிவுசெய்யும் வேர்ல்ட் சீரிஸும் நடக்கவில்லை.