சிறுநீர்ப்பைக் கட்டியை எடுக்கும்போது இரத்த அழுத்தம் எகிறினால் அது மயக்க மருந்தின் பக்கவிளைவா?

உறவினர் ஒருவருக்குச் சிறுநீர்ப்பைக் கட்டியைச் சுரண்டி எடுக்கத் தொடங்கியதும் இரத்த அழுத்தம் எகிறியதால் சிகிச்சை பாதியில் நிறுத்தப்பட்டது என்றும், இது மயக்க மருந்தின் பக்கவிளைவா, இதைப் பற்றி ஆய்வுகள் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் மயக்கவியல் மருத்துவர். நோயாளியைப் பார்க்காமல் காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் முதுகில் போடும் ஊசியானாலும் முழு மயக்கமானாலும் பொதுவாக இரத்த அழுத்தத்தைக் குறைக்கவே செய்யும். மயக்கம் ஆழமாக இல்லாதபோதும், சிறுநீர்ப்பை நீரால் அளவுக்கு மீறி விரியும்போதும் அழுத்தம் ஓரளவு ஏறலாம். கருவி கட்டியைத் தொட்ட நொடியில் எகிறி, கையை எடுத்ததும் இறங்கினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கட்டியைத்தான்.

அந்தச் சந்தேகத்தின் பெயர் பாராகாங்லியோமா. சிறுநீர்ப்பைச் சுவரிலுள்ள நரம்பு சார்ந்த செல்களிலிருந்து வளரும் இக்கட்டி, இரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் போன்ற சுரப்புகளை இரத்தத்தில் கொட்டக்கூடியது. 1953இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இது, சிறுநீர்ப்பைக் கட்டிகளில் ஆயிரத்தில் ஒன்றைவிடவும் குறைவு. சிறுநீர் கழிக்கும்போதோ கழித்த உடனேயோ தலைவலி, படபடப்பு, வியர்வை, சிலருக்குத் தலைசுற்றி விழுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். எந்த அடையாளமும் காட்டாத கட்டிகளும் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் எனக்கே இது நேர்ந்தது. நோயாளியின் மேல் அழுத்தம் சில நொடிகளில் 240ஐத் தாண்டியது. நிறுத்தச் சொல்லிவிட்டு, நைட்ரோகிளிசரின் சொட்டு ஏற்றி இறக்கினோம். மறுநாள் விசாரித்தபோதுதான், சிறுநீர் கழித்த பின் தலை வெடிப்பதுபோல் வலிக்கும் என்று அவர் சொன்னார். அந்தக் கேள்வியை முந்தைய நாளே நான் கேட்டிருக்க வேண்டும்.

முன்பே தெரிந்துவிட்டால் இந்த ஆபத்து பெருமளவு கட்டுக்குள் வரும். இச்சுரப்புகளால் இரத்தக் குழாய்கள் சுருங்குவதைத் தடுக்கும் ஆல்ஃபா தடுப்பு மருந்தை வழக்கமாக ஒன்றிரண்டு வாரங்கள் கொடுத்து, கூடவே நீரும் உப்பும் போதிய அளவு சேரச் செய்து, இதயத் துடிப்பு மிகுந்தால் அதன் பிறகே பீட்டா தடுப்பு மருந்தைச் சேர்ப்பார்கள். இந்த வரிசை மாறக் கூடாது: இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பீட்டா வழி முதலில் அடைபட்டால், எதிர்ப்பின்றிச் சுருங்கும் குழாய்களால் அழுத்தம் இன்னும் ஏறிவிடும். வாந்தியைத் தடுக்கச் சாதாரணமாகக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடையும், மயக்கத்துக்கான கெட்டமினையும், அழுத்தத்தை எகிறச் செய்யக்கூடும் என்பதால், இவர்களுக்குத் தவிர்க்கிறோம். பக்கவிளைவு என்ற சொல் உண்மையில் பொருந்துவது இங்கேதான். கட்டியை எடுத்து முடித்ததும் சுரப்பு சட்டென்று நின்று அழுத்தம் சரியக்கூடும் என்பதால், அதற்கும் ஆயத்தமாகவே இருப்போம்.

இவ்வளவு அரிய நோய்க்கு ஆய்வு என்பது பெரும்பாலும் தனி நோயாளிகளைப் பற்றிய அறிக்கைகள்தாம். அவற்றில் ஒரு சாய்வு உண்டு: விபரீதமாக முடிந்தவை அச்சேறும், அமைதியாக முடிந்தவை கோப்பிலேயே தங்கிவிடும். சிறுநீர்ப்பையோடு நிறுத்தாமல், அட்ரினல் சுரப்பியிலும் பிற இடங்களிலும் வரும் இதே இனக் கட்டிகளைச் சேர்த்துக்கொண்டால்தான் ஒப்பீட்டு ஆய்வு சாத்தியமாகிறது. நெதர்லாந்தில் நடந்து 2020இல் வெளியான பிரஸ்கிரிப்ட் ஆய்வு அப்படிப்பட்டது. 134 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பினாக்சிபென்சமைன், டாக்சசோசின் ஆகிய இரு ஆல்ஃபா தடுப்பு மருந்துகளை ஒப்பிட்டார்கள். அறுவையின்போது அழுத்தம் இலக்கு எல்லையை விட்டு விலகியிருந்த நேரத்தில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மீண்டும் அறுவைக்கு நாள் குறிக்கும் முன், இரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் (இச்சுரப்புகள் சிதையும்போது உருவாகும் பொருள்) அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே எடுத்த திசு இருந்தால், அதை பாராகாங்லியோமா என்ற சந்தேகத்தைக் குறிப்பிட்டே மறு ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நுண்ணோக்கியில் இது சாதாரணச் சிறுநீர்ப்பைப் புற்றைப் போலவே தோன்றி ஏமாற்றக்கூடியது.