சபைக்குள் முகம் பார்க்காதவர்கள்: கேள்வி பதில்

காட்பாடிப் பக்கம் ஒரு சபையில் மூன்று முறை கமிட்டியில் இருந்தவன் நான். அதில் ஒரு சண்டைக்கு நானே காரணம். கேள்விகளைச் சுருக்கி, பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

சத்துவாச்சாரி: கொயரில் கீர்த்தனையா, கீபோர்டு பாட்டா என்று ஆரம்பித்த தகராறு. எனக்கும் என் சின்ன மாமியாருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஆயர் எங்களை ஆராதனையில் எழுப்பிக் கை கொடுக்க வைத்தார். மறு வாரமே பழைய கதை.

அது சமாதானம் இல்லம்மா, போட்டோவுக்கு நின்ற மாதிரி. சகோதரன் குற்றம் செய்தால் என்ன செய்வது என்று சொல்லும் மத்தேயு 18-ல் முதல் படியே ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ என்பதுதான். நாம் தலைகீழாகப் போகிறோம். முதலில் வாட்ஸப் குரூப், அப்புறம் கமிட்டி, கடைசியில்தான் அந்த ஆள்.

திருவிருந்தில் சமாதானம் பகிர்வோமே, வலது உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, இடது கையால் மற்றவர் கையை மூடி? சிரியன் சபைகளின் பழக்கத்திலிருந்து எடுத்து, 1950-ல் தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) ஆராதனை முறையில் சேர்த்தது அது. எங்கள் பொருளாளரோடு நான் முறைத்துக்கொண்டிருந்த ஆறு மாதமும், அவர் கை என் பக்கம் வரும்போது பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். ‘ஏதாவது தப்பு இருந்தா மன்னிச்சுக்குங்க’ என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது பொய் என்று தெரிந்துபோனது. ‘நீங்க பணம் எடுத்தீங்கன்னு நாலு பேர்கிட்ட சொன்னேன். அது தப்பு’ என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, ‘ரெண்டு காபி’ என்றார்.

நீங்களும் தனியாகப் போங்கள். எந்தப் பாட்டு என்பதை அங்கே எடுக்காதீர்கள். நீங்கள் சொன்ன எந்த வார்த்தை அவருக்குச் சுட்டதோ, அதை மட்டும் பேசுங்கள்.

குடியாத்தம்: அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்துக்குக் கணக்குக் கேட்டேன். ‘மன்னிக்கிறவன்தான் கிறிஸ்தவன்’ என்று வாயை அடைக்கிறார்கள்.

மன்னிப்பு வேறு, கணக்கு வேறு. காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காயை ஏலத்தில் எண்ணூறு ரூபாய்க்கு எடுத்தவர் எல்லாரும் பார்க்கத்தான் எடுத்தார். அந்தப் பணம் எங்கே போனது என்பதையும் எல்லாரும் பார்க்கட்டுமே. அப்போஸ்தலர் 6-ல், கிரேக்கு பேசினவர்களின் விதவைகளைப் பந்தியில் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு வந்தது. ‘ஜெபம் பண்ணுவோம்’ என்று அதை மூடிவிடவில்லை. ஏழு பேரைப் பொறுப்பில் வைத்தார்கள். அந்த ஏழு பேர் பெயரும் கிரேக்கப் பெயர்! குறை சொன்ன பக்கத்துக் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

எழுத்தில் கேளுங்கள்: ஏலப் பட்டியல், ரசீது எண், வங்கியில் கட்டிய தேதி. ‘திருட்டு’ என்ற சொல் வரவே கூடாது. அதற்கு நான் கொடுத்த விலையை மேலே பார்த்தீர்கள். சந்தா பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். கூட்டத்தில் எழுந்ததும் அதைத்தான் எடுப்பார்கள்.

ஆற்காடு: ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரு பிள்ளையிடம் தகாத முறையில் நடந்துகொண்டார். ‘சபைக்குள்ளேயே பேசி முடிப்போம்’ என்கிறார்கள்.

முடிக்கக் கூடாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு இன்றே பேசுங்கள். மத்தேயு 18-ஐக் காட்டி யாராவது தடுத்தால், அதே அதிகாரத்தில், சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் கட்டும் ஏந்திரக்கல்லைப் பற்றிய ஆறாம் வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை: சபைத் தேர்தல் விவகாரம் கோர்ட்டில் இருக்கிறது. எதிர்த்தரப்பில் என் சொந்த அண்ணன். அவர் மகள் கல்யாணத்துக்குப் போகலாமா?

போங்கள், அதுவும் முதல் நாளே. பெண்ணுக்குச் சித்தப்பா நீங்கள். வாய்தா தேதிக்கும் அந்தப் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? வக்கீல் பேச்சை மட்டும் பந்தியில் எடுக்காதீர்கள்.

அரக்கோணம்: பத்து வருடம் முன்பு பிரிந்துபோய்த் தனி ஜெபவீடு வைத்தவர்களில் சில குடும்பங்கள் திரும்பி வர நினைக்கிறார்கள். ‘சபை முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கட்டும்’ என்கிறார்கள் எங்கள் பெரியவர்கள்.

ஊழியத்தில் பாதி வழியில் விட்டுப்போன மாற்குவை மறுபடி கூட்டிப் போவதா என்பதில் பவுலும் பர்னபாவும் கடுமையாக மோதிப் பிரிந்தார்கள். பிறகு அதே பவுல், ‘மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டு வா’ என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். மாற்குவைச் சபை முன்னால் நிறுத்தியதாக ஒரு வரியும் இல்லை.

அவசரமும் வேண்டாம். பல சபைகளை ஒன்றாக்க 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 1947 செப்டம்பர் 27-ல்தான் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. 28 வருடம்! உங்களுக்கு ஒரு வருடம் ஆனால் என்ன?

ஆனால் ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வருகிறவர்களில் வயதானவர்கள் கமிட்டியில் இடம் கேட்கமாட்டார்கள். கல்லறைத் தோட்டத்தில், அவர்களுடைய அப்பா அம்மா பக்கத்தில் இடம் உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அவர்கள் கேட்கும் முன்னால் நீங்களே ‘உண்டு’ என்று சொல்லி அனுப்புங்கள்.