ஜிம்மி ஸ்பியர்ஸ்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

இங்கிலாந்துக் கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பைக்கு 1911இல் நடந்த இறுதிப் போட்டியைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதில் பிராட்ஃபோர்டு சிட்டி என்ற கிளப்புக்காக ஆட்டத்தின் ஒரே கோலை அடித்த ஸ்காட்லாந்துக்காரர் ஜிம்மி ஸ்பியர்ஸைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, ஸ்பியர்ஸ் எந்த ஊர்? எங்கே ஆட ஆரம்பித்தார்?

கிளாஸ்கோ. பிறந்தது 1886. உள்ளூர் அணிகளில் ஆடிவிட்டு 1905இல் அந்த ஊரின் பெரிய கிளப்பான ரேஞ்சர்ஸுக்கு வந்தார். வந்த நேரம் சரியில்லை. 1905 முதல் 1910 வரை தொடர்ந்து ஆறு முறை ரேஞ்சர்ஸின் உள்ளூர்ப் போட்டியாளரான செல்டிக்தான் ஸ்காட்லாந்து லீக் சாம்பியன். அதனால் மூன்று சீசன் ஆடியும் ரேஞ்சர்ஸோடு அவருக்கு லீக் பட்டம் கிடைக்கவில்லை. 1908இல் கிளைடு அணிக்குப் போனார். அந்த சீசனில் கிளைடு மூன்றாம் இடம் பிடித்தது. அடுத்த வருடமே எல்லை தாண்டி இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு.

இவ்வளவு நல்ல ஆட்டக்காரர் ஸ்காட்லாந்துக்கு ஒரே ஒரு முறைதான் ஆடினாராமே, ஏன் சார்?

ஆமாம், 1908 மார்ச்சில் டண்டீயில் வேல்ஸுக்கு எதிராக ஒரே ஓர் ஆட்டம். ஸ்காட்லாந்து 2-1 என்று ஜெயித்தது. இன்றைய கணக்கில் பார்த்தால் குறைவாகத்தான் தெரியும். ஆனால் அப்போது வருடத்துக்கு மூன்றே சர்வதேச ஆட்டங்கள்: இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து. ஸ்பியர்ஸ் ஆடிய இன்சைட் ரைட் (முன்வரிசையில் நடுவுக்கு வலப்பக்கம்) இடத்துக்கு செல்டிக்கின் ஜிம்மி மெக்மெனமி, ஹார்ட்ஸின் பாபி வாக்கர் என்று பெரிய கைகள் போட்டியில் இருந்தார்கள். அந்த நெரிசலில் ஒரு தொப்பி (நாட்டுக்காக ஆடும் ஓர் ஆட்டத்தை அப்படித்தான் சொல்வார்கள்) வாங்கியதே பெரிய விஷயம் என்பேன்.

அந்தக் கோலைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.

சந்தோஷமாக. ஏப்ரல் 22, லண்டன் கிரிஸ்டல் பேலஸில் முதல் ஆட்டம். எதிரணி நியூகாசில் யுனைடெட், நடப்புக் கோப்பை சாம்பியன். ஆட்டம் 0-0. நான்கு நாள் கழித்து ஓல்டு டிராஃபோர்டில் மறு ஆட்டம். பதினைந்தாவது நிமிடம் வாக்கில் பந்து கோல் முகப்புக்கு வருகிறது. ஸ்பியர்ஸ் தலையால் தட்டுகிறார். சென்டர் ஃபார்வர்டு ஃபிராங்க் ஓ'ரூர்க் உள்ளே பாய்ந்து வர, கோல்கீப்பர் லாரன்ஸின் கவனம் அவர் பக்கம் திரும்பிவிடுகிறது. பந்து மெதுவாக உருண்டு கோலுக்குள் போகிறது. அவ்வளவுதான், 1-0. மிச்ச நேரம் முழுக்க பிராட்ஃபோர்டின் தடுப்பாட்டம். அந்த நாளில் அணியின் கேப்டனும் ஸ்பியர்ஸ்தான், கோப்பையைக் கையில் வாங்கியதும் அவர்தான். அந்த கிளப் இன்றுவரை ஜெயித்த ஒரே பெரிய கோப்பை அது.

அதிர்ஷ்ட கோல் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓ'ரூர்க் ஓடி வருவதும் சேர்ந்ததுதான் அந்த கோல்.

கோப்பையையே பிராட்ஃபோர்டில்தான் செய்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. பழைய வடிவத்தை யாரோ நகல் எடுத்துவிட்டார்கள் என்பதால் 1911இல் புதுக் கோப்பை செய்தார்கள். செய்தது பிராட்ஃபோர்டின் ஃபட்டோரினி நிறுவனம். முதல் வருடமே அது சொந்த ஊருக்கு வந்துவிட்டது. இப்போதும் அதே வடிவம்தான்.

ஓர் ஆங்கில அணியில் எட்டு ஸ்காட்லாந்துக்காரர்களா?

இறுதி ஆட்டத்தில் இறங்கிய பதினொரு பேரில் எட்டு பேர். மேலாளர் பீட்டர் ஓ'ரூர்க்கும் ஸ்காட்லாந்துக்காரர். பிராட்ஃபோர்டு கம்பளி ஆலை நகரம், முதலில் ரக்பி ஊர். கால்பந்து கிளப்பே 1903இல் ஒரு ரக்பி கிளப் மாறி வந்ததுதான். உள்ளூரில் ஆள் வளரும் வரை காத்திருக்க முடியாது, அதனால் வடக்கே போய்ப் பிடித்து வந்தார்கள். ஊரும் பைத்தியமாகத்தான் இருந்தது. 1911 மார்ச்சில் பர்ன்லியோடு நடந்த கோப்பை ஆட்டத்துக்கு பிராட்ஃபோர்டின் வேலி பரேடு மைதானத்தில் 39,146 பேர் கூடினார்கள். அந்த மைதானத்தின் சாதனை இன்னும் அதுதான்.

லீட்ஸுக்குப் போனபோது நல்ல பணம் கிடைத்திருக்குமே?

கிளப்புக்குக் கிடைத்தது. 1912 கடைசியில் லீட்ஸ் சிட்டி 1,400 பவுண்டு கொடுத்து வாங்கியது. ஆட்டக்காரருக்கோ சம்பள உச்சவரம்பு: வாரம் 4 பவுண்டு, நீண்ட நாள் ஆடினால் கொஞ்சம் கூடும். அவரை வாங்கிய மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன், பிற்பாடு ஹடர்ஸ்ஃபீல்டிலும் ஆர்சனலிலும் பெரும் பெயர் எடுத்தவர்.

என் கணக்கில் ஸ்பியர்ஸின் சிறந்த ஆட்டம் லீட்ஸில்தான். பிராட்ஃபோர்டில் 86 லீக் ஆட்டங்களில் 29 கோல். லீட்ஸில் 73 ஆட்டங்களில் 32. இரண்டாம் டிவிஷன்தான், சரி, ஆனாலும் இன்சைட் ஃபார்வர்டுக்கு அது பெரிய எண்ணிக்கை.

முதல் உலகப் போருக்குக் கட்டாயப்படுத்தி அனுப்பினார்களா?

இல்லை தம்பி. கட்டாய ராணுவச் சேவை 1916இல்தான் வந்தது. மனைவி, இரண்டு குழந்தைகள் இருந்தும் 1915இல் சீசன் முடிந்த கையோடு அவராகவே சேர்ந்தார். கேமரன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவு. சார்ஜென்ட் ஆனார், 1917இல் வீரத்துக்கான மிலிட்டரி மெடல் வாங்கினார். அதே ஆகஸ்டில், பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே நடந்த மூன்றாம் ஈப்ர் சண்டையில் இறந்தார். வயது 31. அங்கேயே டாக்கி ஃபார்ம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அங்கே 1,400க்கு மேல் கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயரே கிடையாது. அவருக்குப் பெயரோடு கல் இருக்கிறது. மறு ஆட்டத்தில் அவரோடு ஆடிய ராபர்ட் டொரன்ஸும் 1918இல் போரில் இறந்தார்.

லீட்ஸில் அவ்வளவு அடித்தவர் பெயர் லீட்ஸ் யுனைடெட் பட்டியல்களில் ஏன் இல்லை?

அது வேறு கிளப் என்பதால். போர்க்காலத்தில் ஆட்டக்காரர்களுக்கு விதியை மீறிப் பணம் கொடுத்த குற்றச்சாட்டில் லீட்ஸ் சிட்டி கணக்குப் புத்தகங்களைக் காட்ட மறுத்தது. 1919 அக்டோபரில் லீக் அதை வெளியேற்றியது. ஆட்டக்காரர்களை ஒரு ஹோட்டலில் வைத்து ஏலம் விட்டார்கள். அப்புறம் அதே எல்லண்ட் ரோடு மைதானத்தில் லீட்ஸ் யுனைடெட் புதிதாகத் தொடங்கியது. பழைய கிளப்பின் கோல்களை யுனைடெட்டின் கணக்கில் சேர்ப்பதில்லை. ஸ்பியர்ஸின் அந்த 32 கோல்களைத் தேடுகிறவர்கள் லீட்ஸ் சிட்டி என்ற பெயரில்தான் தேட வேண்டும்.