டர்பனில் ‘ஜஸ்ட் நவ்’ என்றால் எப்போது?

வணக்கம் நண்பரே. குழாய் பழுதுபார்ப்பவர் ‘ஜஸ்ட் நவ்’ வருவதாகச் சொன்னதை நம்பி அரைநாள் விடுப்பு எடுத்து மாலைவரை காத்திருந்ததாகவும், அவர் ஏமாற்றிவிட்டாரோ என்று வருந்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.

நாம் பள்ளியில் படித்த ஆங்கிலத்தில் அத்தொடர் ‘இப்போதுதான்’ என்று, பெரும்பாலும் நடந்து முடிந்ததைக் குறிக்கும். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்திலோ, ஆப்பிரிக்கான்ஸ் மொழியின் ‘நெட்னவ்’ என்ற சொல்லின் செல்வாக்கால், ‘சற்று நேரம் கழித்து’ என்ற பொருளையும் அது பெற்றுவிட்டது. அந்தச் சற்று நேரம் பத்து நிமிடமாகவும் இருக்கலாம், பொழுது சாயும்வரை நீளவும் செய்யலாம். ‘நவ் நவ்’ என்று இரட்டித்துச் சொன்னால் அதைவிட விரைவு என்று கொள்ளுங்கள்.

நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக்குக் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டு அம்மாள் ‘ஜஸ்ட் நவ்’ சாப்பாடு கொண்டுவருவதாகச் சொல்ல, அடுப்பை அணைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு எட்டு மணிக்கு, மூடிய பாத்திரத்தில், ஆவி பறக்கப் பீன்ஸ் கறியும் ரொட்டியும் வந்தன. அவர் சொன்ன சொல் தவறவில்லை. நான் புரிந்துகொண்டதுதான் வேறு. நாமும் ‘இதோ வந்துவிட்டேன்’ என்று இறந்தகாலத்தில் சொல்லிவிட்டுத்தானே வீட்டிலிருந்து புறப்படுகிறோம்?

நாளை அந்தக் குழாய் பழுதுபார்ப்பவரை மீண்டும் அழைத்து, ‘எத்தனை மணிக்கு?’ என்று நேராகக் கேளுங்கள். இங்கே யாரும் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. வழி சொல்லும்போது அவர் ‘ரோபோட்’ எங்கே என்று கேட்டால் திகைக்க வேண்டாம். இந்நாட்டில் அது போக்குவரத்து விளக்கு.